முகக்கவசம் யாருடைய கடமை?

2020 ஜூனில் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் அது இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தது. கரும்பலகை இல்லை, மணிச் சத்தம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் கடன் கேட்கும் தோழனும் இல்லை. ஒன்றாம் வகுப்பு என்ற ஆண்டு அதன் வாழ்வில் நடக்கவே இல்லை. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 1 அன்று கதவு திறந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் உயர் வகுப்புகளுக்குச் சில வாரங்கள் திறந்து, பிறகு இரண்டாம் அலையில் மூடிய கதையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. கதவு திறந்தபோது வாசலிலேயே சொல்லப்பட்ட நிபந்தனைகளில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது முகக்கவசம்தான். அந்த நிபந்தனை சரியா, அதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்ற விவாதத்தை நாம் ஒழுங்காக நடத்தவே இல்லை. தொற்று ஓய்ந்ததும் மாஸ்க்கைக் கழற்றி வைத்தது போலவே கேள்வியையும் கழற்றி வைத்துவிட்டோம். அடுத்த தொற்று வரும் நாளில் இதை நிதானமாகப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. பேசவேண்டிய காலம் இதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரவல் தீவிரமாக இருக்கும் காலத்தில் பள்ளிகளில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்குவது நியாயம். ஆனால் அந்தக் கட்டாயம் குழந்தையின் தலையில் விழுவதற்கு முன்பு பள்ளியின் மீதும் அரசின் மீதும் விழ வேண்டும். நாம் அந்த வரிசையை மாற்றிப்போட்டோம். விதியின் பலவீனங்களில் பெரும்பாலானவை அந்த வரிசைப் பிழையிலிருந்து வந்தவை.

இந்த விவாதத்தில் பலரும் சறுக்குவது எதனோடு எதை ஒப்பிடுவது என்ற இடத்தில். முகம் மூடிய வகுப்பறையை 2019இல் இருந்த வகுப்பறையோடு வைத்துப் பார்த்தால் முகம் மூடியதுதான் தோற்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2021இல் நமக்கு முன்னால் இருந்தவை அந்த இரண்டு அல்ல. ஒரு பக்கம் முகக்கவசத்தோடு திறந்த பள்ளி, மறுபக்கம் பூட்டிய பள்ளி. பூட்டிய பள்ளிக்கு நாம் கொடுத்த விலை என்ன? பொருளியல் அறிஞர் ழீன் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், கிராமப்புறக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே; 37 சதவீதத்தினர் படிப்பையே விட்டிருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் 2018இல் 10.2 சதவீதம். அதுவே வெட்கப்பட வேண்டிய எண். 2022இன் ‘அசர்’ (ஆண்டுக் கல்விநிலை) அறிக்கையில் அது 4.8 சதவீதமாக இறங்கியது. 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை யார்? 2020இல் ஒன்றாம் வகுப்புக்குப் போக முடியாமல் போன அதே குழந்தைதான். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை எழுந்தபோது தமிழ்நாட்டில் திரையரங்குகளும் உணவகங்களும் பாதி இருக்கைகளோடு நடந்தன, பள்ளிகள் மூடப்பட்டன. முகக்கவசம் அணிந்த சிறுவனைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள், அன்றைக்கு அவனை வீட்டிலேயே இருக்கச் சொன்ன முடிவைப் பார்த்து இன்னும் அதிகமாக இரக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளியைத் திறந்து வைக்க உதவும் கருவி என்ற தகுதியில்தான் நான் முகக்கவச விதியை ஆதரிக்கிறேன். அந்த வேலையைச் செய்யாத இடத்தில் அதற்கு எந்த மரியாதையும் இல்லை.

அந்தக் கருவி உண்மையில் வேலை செய்கிறதா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டியில் 2021 மே மாதம் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்ததை அருகில் போய்ப் பார்க்கலாம். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஓர் ஆசிரியருக்கு மே 19 அன்று உடல்நலக் குறைவு தொடங்கியது. ஒவ்வாமையாக இருக்கும் என்று எண்ணி மேலும் இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். பள்ளியில் முகக்கவசம் கட்டாயம். ஆனால் குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டும்போது அவ்வப்போது அதைக் கழற்றினார். வகுப்பில் 24 குழந்தைகள், ஐந்து வரிசை. மேசைகளுக்கு இடையே ஆறடி இடைவெளி. சன்னல்களும் கதவும் திறந்திருந்தன. அறைக்குள் காற்று வடிகட்டும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அந்த வகுப்பில் 12 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆசிரியருக்கு மிக அருகில் இருந்த முதல் இரண்டு வரிசைகளில் 10 பேரில் 8 பேருக்கு. பின்னால் இருந்த மூன்று வரிசைகளில் 14 பேரில் 4 பேருக்கு. வேறொரு வகுப்புக்கும் சில குடும்பங்களுக்கும் போன தொற்றையும் சேர்த்தால் மொத்தம் 27 பேர்.

இந்த ஒரு வகுப்பறையை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். குழந்தைகள் அணிந்திருந்தும் பாதிப்பேருக்கு வந்துவிட்டதே, அப்புறம் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான், அணிந்திருப்பவரை முகக்கவசம் முழுமையாகக் காப்பதில்லை, அதுவும் அது துணிக் கவசமோ தளர்வாக அணிந்த மூன்றடுக்குக் கவசமோ என்றால். ஆனால் வரிசைக் கணக்கைப் பாருங்கள். தொற்றின் ஊற்று மூடப்படாமல் இருந்த திசையில், அந்த ஊற்றுக்கு எவ்வளவு அருகில் இருந்தார்களோ அவ்வளவுக்கு ஆபத்து. உரக்கப் பேசும்போது வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் சும்மா மூச்சு விடும்போது வருவதைவிடப் பல மடங்கு. வகுப்பறையில் உரக்கப் பேசுவது யாருடைய தொழில்? ஆசிரியருடையது. முகக்கவசம் வெளியே போவதைத் தடுப்பதில்தான் அதிகம் உதவுகிறது. ஆகவே அது முதலில் இருக்கவேண்டிய முகம் ஆசிரியரின் முகம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 நவம்பர், டிசம்பரில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த கணக்கும் இதையே சொல்கிறது. ஆசிரியர்களும் பணியாளர்களும் கட்டாயம் அணியவேண்டிய பள்ளிகளில் தொற்று 37 சதவீதம் குறைவு. காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் 39 சதவீதம் குறைவு. மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய பள்ளிகளில் 21 சதவீதம் குறைவு என்றாலும், அது தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியலால் விலக்க முடியவில்லை. பெரியவர்களின் முகமும் சன்னலும் குழந்தையின் முகத்தைவிட அதிகம் பேசுகின்றன.

நம் ஊரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரார்த்தனைக் கூட்டம் இல்லை, ஒரு வகுப்பில் 20 பேர், வெப்பநிலைப் பரிசோதனை, கைகழுவும் திரவம் என்று வழிகாட்டுதல்கள் நீண்டன. வாசலில் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே போன பிறகு ஆசிரியரின் மாஸ்க் தாடைக்கு இறங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து கடைசி பெஞ்சுவரை குரல் எட்ட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பாடவேளை அப்படிக் கத்த யாராலும் முடியாது. காய்கறி வண்டிக்காரர் தோளில் மாட்டியிருக்கும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தால் அந்த மாஸ்க் தாடைக்கு இறங்கியிருக்காது. விதியை எழுதியவர்கள் குரலைப் பற்றி யோசிக்கவில்லை. விதி போட்டால் அதைக் கடைப்பிடிப்பதற்கான வசதியையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

மாணவர்களுக்கான கட்டாயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சான்றுகளில் கனமானது பாஸ்டனிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2022 பிப்ரவரி 28 அன்று பள்ளிகளுக்கான முகக்கவச விதியை விலக்கிக்கொண்டது. பாஸ்டன் வட்டாரத்தின் 72 பள்ளி மாவட்டங்களில் பாஸ்டன், செல்சி ஆகிய இரண்டு மட்டும் விதியைத் தொடர்ந்தன; மற்றவை அடுத்தடுத்த வாரங்களில் கைவிட்டன. அடுத்த 15 வாரங்களில், கைவிட்ட மாவட்டங்களில் மாணவர், பணியாளர் 1,000 பேருக்கு ஏறத்தாழ 45 தொற்றுகள் கூடுதல் என்று கண்டார்கள். விதியைக் கைவிடும்வரை எல்லா மாவட்டங்களிலும் தொற்று ஏறக்குறைய ஒரே போக்கில் சென்று, கைவிட்ட பிறகு பிரிந்தது என்பதே அந்த ஆய்வின் பலம். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளை அறிந்தவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். விதியை நீண்ட நாள் வைத்திருந்தவை பழைய கட்டடங்களும் நெரிசலான வகுப்பறைகளும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதிகம் கொண்ட மாவட்டங்கள். நல்ல காற்றோட்டமும் விசாலமான அறையும் வாங்க முடியாதவர்களுக்கு முகக்கவசம்தான் கைக்கு எட்டிய பாதுகாப்பு. வசதியுள்ள பள்ளி எளிதாகக் கைவிடக்கூடிய ஒன்றை வசதியற்ற பள்ளியும் கைவிட வேண்டும் என்பது சமத்துவம் ஆகாது.

எதிர்ச் சான்றுகளை ஒதுக்கிவிட்டு இந்த வாதத்தை நடத்த நான் விரும்பவில்லை. அவை அற்பமானவை அல்ல. ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஆறு வயதிலிருந்து முகக்கவசம் கட்டாயமாக இருந்தது, ஐந்து வயதுக்கு இல்லை. ஏறத்தாழ 6 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அணிந்த ஆறு வயதுக்காரர்களிடம் அணியாத ஐந்து வயதுக்காரர்களைவிடத் தொற்று குறைவாக இல்லை. இங்கிலாந்தின் கல்வித் துறை 2021 இலையுதிர்காலத்தில் முகக்கவசம் பயன்படுத்திய 123 உயர்நிலைப் பள்ளிகளை மற்றவற்றோடு ஒப்பிட்டது. அங்கே கொரோனாவால் பள்ளிக்கு வராதோர் 5.3 சதவீதத்திலிருந்து 3.0 சதவீதமாகக் குறைந்தனர். மற்ற பள்ளிகளில் 3.6 சதவீதமாகக் குறைந்தனர். உறுதியாக எதையும் சொல்ல அந்த வித்தியாசம் போதாது என்று அத்துறையே ஒப்புக்கொண்டது. அரிசோனாவில் விதியில்லாத பள்ளிகளில் தொற்றுக் கொத்துகள் உருவாகும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று 2021 செப்டம்பரில் வந்த கணக்கு உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் விதி வைத்திருந்த பள்ளிகளும் வைக்காத பள்ளிகளும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவை. கவுண்டிகளை ஒப்பிட்டு முகக்கவசத்துக்குச் சாதகமாக முடிவு சொன்ன இன்னோர் அமெரிக்க ஆய்வை, மேலும் பல கவுண்டிகளையும் நீண்ட காலத்தையும் சேர்த்து வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பொதுமக்கள் முகக்கவசம் அணிவதால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றது. முகக்கவசம் பயனற்றது என்று அதற்குப் பொருள் சொல்வது தவறு, சான்று முடிவாக இல்லை என்பதே பொருள் என்று அந்த அமைப்பின் முதன்மைப் பதிப்பாசிரியர் பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் தராசில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் விஷயம், வயது மிக முக்கியம் என்பது. கட்டலோனியாவின் கணக்கு ஆறு வயதுக் குழந்தைக்கு முகக்கவசம் கட்டாயம் என்பதன் அடித்தளத்தை ஆட்டிவிடுகிறது. அதை நான் ஏற்கிறேன். ஆறு வயதுக் குழந்தை அணிவது என்பது பாதி நேரம் மூக்குக்குக் கீழே, மீதி நேரம் வாய்க்குள். அதே கணக்கை வைத்துக்கொண்டு பதினைந்து வயது மாணவனுக்கும் நாற்பது வயது ஆசிரியருக்கும் பயனில்லை என்று முடிவு கட்ட முடியாது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே வயதைப் பிரித்தே பேசின: ஐந்து வயதுவரை வேண்டாம், 6 முதல் 11 வரை சூழலைப் பொறுத்து, 12 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே. 2021 ஜூனில் இந்தியாவின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககமும் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பரிந்துரைக்கவில்லை; 6 முதல் 11 வயதுக்குப் பெற்றோரின் மேற்பார்வையில் அணியலாம் என்றது. அணியலாம் என்ற சொல்லுக்கும் அணிந்தே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. பள்ளி வாசலுக்கு வருவதற்குள் அந்தத் தூரம் காணாமல் போய், ஒன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே கட்டளையாகிவிட்டது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இழப்பும் மிகப் பெரியது. ழகரத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? ஆசிரியை வாயைத் திறந்து, நாக்கின் நுனியை மேலே பின்னோக்கி வளைத்துக் காட்டுகிறார். குழந்தை அந்த வாயைப் பார்க்கிறது, தன் நாக்கை வளைத்துப் பார்க்கிறது, ‘பளம்’ என்கிறது. ஆசிரியை மறுபடி காட்டுகிறார். ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்பது காதால் மட்டும் பிடிபடுவதில்லை, கண்ணாலும் கற்கவேண்டியது. ன, ண வேறுபாடும் அப்படியே. துணிக்குப் பின்னால் அந்த வாய் மறைந்தால் குழந்தைக்குக் கிடைப்பது மங்கிய ஓசை மட்டும். காது கேளாத குழந்தைக்கு அதுவும் இல்லை. உதட்டசைவே அதற்கு மொழி, கைச்சைகையில்கூட முகபாவம் பாதிப் பொருளைச் சுமக்கிறது. இங்கேதான் என் வாதத்துக்கே ஒரு முட்டுக்கட்டை வருகிறது. ஆசிரியரின் முகக்கவசம்தான் மிகவும் பயன்படுவது என்றேன்; தொடக்க வகுப்பில் மிகவும் கெடுதல் செய்வதும் அதுவேதான். இரண்டும் உண்மை. இதைச் சொல்லால் மழுப்ப முடியாது. இடத்தை மாற்றித்தான் தீர்க்க முடியும். எழுத்தும் உச்சரிப்பும் கற்பிக்கும் அந்த அரை மணி நேரத்தை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோகலாம். திறந்த வெளியில், தள்ளி நின்று, முகத்தைத் திறந்துகொண்டு கற்பிக்கலாம். காது கேளாதோருக்கு வாய்ப் பகுதி தெரியும் கவசம் இருக்கிறது. மழை வந்தால்? 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் திறந்தது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். சென்னையில் பல நாட்கள் வெள்ளத்தால் விடுமுறை விட வேண்டிவந்தது. சாரலுக்குப் பயந்து சன்னலைச் சாத்திய அறை தொற்றுக்கு வசதியானது. அதனால் பள்ளியைத் திறக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும்கூட நோய்த்தடுப்பின் ஒரு பகுதிதான். சிறியவர்களுக்குத் தொற்றின் தீவிரம் குறைவு, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநர் 2021 ஜூலையிலேயே சொன்னார். அதைக் கேட்டு மழைக்கு முன்பே சிறுவர்களை மரத்தடிக்கு அழைத்திருக்கலாம். நாம் அவர்களைக் கடைசியில் அழைத்தோம், மழையில் அழைத்தோம், முகத்தையும் மூடச் சொன்னோம்.

எந்தக் கவசம், யார் காசு என்ற கேள்விக்கு வங்கதேசம் பதில் வைத்திருக்கிறது. அங்கே 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில் சுமார் 3.4 லட்சம் பெரியவர்களை உட்படுத்தி நடந்த சோதனை, நம்மைப் போன்ற வெயிலும் நெரிசலும் வறுமையும் உள்ள மண்ணில் செய்தது என்பதால் எனக்கு மேலைநாட்டுக் கணக்குகளைவிட இது நெருக்கமானது. வீடு வீடாக இலவசமாகக் கொடுத்து, ஏன் என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் முன்மாதிரியாக அணிந்து, தெருவில் நினைவூட்டியபோது அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். அறிகுறியோடு கூடிய தொற்று 9 சதவீத அளவில் குறைந்தது. மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயதைக் கடந்தவர்களிடையே குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். துணிக் கவசத்துக்கு அப்படித் தெளிவான பயன் தெரியவில்லை. குழந்தைகளிடம் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் விதி போடுவோருக்கு மூன்று பாடங்கள் உள்ளன. கொடுத்தால் அணிவார்கள், பெரியவர்கள் அணிந்தால் மற்றவர்கள் அணிவார்கள், துணியை நம்பாதே. தமிழக அரசு 2020இல் ரேஷன் கடைகளில் ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசங்கள் கொடுத்தது. நல்ல எண்ணம், ஆனால் துணி. மூன்றடுக்குக் கவசத்துக்கு மத்திய அரசு 2020 மார்ச்சில் வைத்த உச்சவிலை 10 ரூபாய். பள்ளி செல்லும் மூன்று பிள்ளைகள், மாதம் 22 வேலைநாள் என்று வைத்தால் 660 ரூபாய். பிறகு சந்தையில் விலை இறங்கியது என்றாலும், ஊரடங்கில் வேலை இழந்த வீட்டுக்கு அது சின்னக் காசில்லை. அதனால் ஒரே கவசம் வாரம் முழுக்க. காலையில் உலர்ந்திருந்தது பதினோரு மணிக்கு வியர்வையில் நனைந்து ஒட்டும். அறுந்த நாடாவில் முடிச்சு, முடிச்சால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று போகும், வரும். விதி கடைப்பிடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. பாடநூலும் சீருடையும் செருப்பும் விலையில்லாமல் கொடுக்கும் மாநிலம், தினம் ஒரு மூன்றடுக்குக் கவசத்தையும் மேசை மீது வைத்திருக்க முடியும்.

மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றிச் சத்துணவு சாப்பிடுகிறார்களே, காலையில் கட்டியதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி மிகவும் கூர்மையானது. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது, எல்லோரும் ஒரே உணவுக்கூடத்தைப் பயன்படுத்தியதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். சாப்பாட்டு நேரம்தான் பள்ளியிலும் பெரிய ஓட்டை. ஆனால் ஓட்டையைக் கண்டதும் கூரையைப் பிரித்துப் போடுவதில்லை. வராண்டாவிலும் மைதானத்திலும் வகுப்பு வகுப்பாகப் பிரித்து உட்காரவைத்தால் அந்த இருபது நிமிடம் திறந்தவெளியில் கழியும்; மீதி நாலைந்து மணி நேரத்துக்குக் கவசம் இருக்கும். சத்துணவை நிறுத்தி அரிசியும் பருப்பும் பொட்டலமாகக் கொடுத்த மாதங்களைத் திரும்பக் கொண்டுவராமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

குழந்தைகளுக்கு இந்த நோய் பெரிதாக ஒன்றும் செய்வதில்லையே என்பார்கள். பெரும்பாலும் உண்மை. 2021 ஜூன், ஜூலையில் நடந்த தேசிய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் 6 முதல் 9 வயதினரில் 57.2 சதவீதமும் 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதமும் ஏற்கெனவே எதிர்ப்புப் பொருளோடு இருந்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்திலேயே அவ்வளவு பேருக்கு வந்து போயிருந்தது. ஆனால் குழந்தை தனியாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 தொற்றாளர்களோடு பழகிய 5,75,071 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஒத்த வயதுக் குழந்தைகளிடையே பரவல் தீவிரமாக இருந்ததைக் காட்டியது. தொற்றாளர்களில் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று காணப்படவில்லை. மிகச் சிலரே பலருக்குக் கொடுத்தார்கள். யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டியே தெரியாத நோயில் எல்லோரையும் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பது சர்க்கரை நோயுள்ள பாட்டி. நம் ஒற்றை அறை வீடுகளில் அவரைத் தனியே வைக்க இடமில்லை. இந்த வாதத்துக்கு ஒரு காலாவதி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டிக்குத் தடுப்பூசி கிடைத்தபின், ஆசிரியர்கள் போட்டுக்கொண்டபின், 2022 ஜனவரியில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மார்ச்சில் 12 வயதினருக்கும் ஊசி வந்தபின், கட்டாயத்துக்கான நியாயம் மாதாமாதம் தேய்ந்தது. எப்போது தொடங்கும் என்று சொன்ன அரசாணைகள் எப்போது முடியும் என்று சொல்லவில்லை. முடிவுத் தேதியோ அளவுகோலோ இல்லாத கட்டளை மக்களின் நம்பிக்கையைத் தின்றுவிடும். அடுத்த முறை கட்டளையிடும்போது கேட்க ஆளிருக்காது.

என் பிள்ளையின் முகத்துக்கு என்ன போடுவது என்பது என் உரிமை என்ற குரல் இங்கே அவ்வளவாக எழவில்லை. அமெரிக்காவில் அது பெரும் போராக நடந்தது, புளோரிடாவின் ஆளுநர் 2021 ஜூலை இறுதியில் பள்ளிகள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்குவதற்கே எதிராக ஆணை போட்டார். உரிமைக் குரலை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். குழந்தையின் உடல்மீது அரசு கை வைக்கும்போதெல்லாம் காரணம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே காரணம் இருக்கிறது. என் கவசம் முக்கியமாக என் பக்கத்தில் இருப்பவரைக் காக்கிறது. அவரவர் விருப்பம் என்று விட்டால், விரும்பாதவர் வெளிவிடுவதை விரும்புகிறவர் உள்ளிழுக்க வேண்டும். பயப்படுகிறவர் என்95 போட்டுக்கொள்ளட்டுமே என்பது பெரியவர்களுக்குப் பொருந்தலாம். அந்தத் தரச்சான்று தொழிலாளரின் முகத்தை அளவாக வைத்து வந்தது, எட்டு வயதுக் குழந்தையின் முகத்துக்கு அல்ல. நோயெதிர்ப்புக் குறைந்த குழந்தை, புற்றுநோய் சிகிச்சை எடுத்துவரும் குழந்தை எல்லாம் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மற்றவர்கள் அணியாத வகுப்பில் அதன் தேர்வு வீட்டிலேயே இருப்பது. அந்தக் குழந்தையின் கல்வியுரிமை இன்னொருவரின் வசதியைவிட மூத்தது.

ஆகவே அடுத்த முறைக்கு என் கோரிக்கை இப்படி இருக்கும்: பரவல் ஓர் அளவைத் தாண்டினால் எல்லா ஆசிரியர்களுக்கும் ஆறாம் வகுப்பு முதல் எல்லா மாணவர்களுக்கும் மூன்றடுக்குக் கவசம் கட்டாயம், அது பள்ளியின் செலவு, ஐந்தாம் வகுப்புவரை கட்டாயமில்லை, அவர்களுக்குத் திறந்தவெளியும் சன்னலும், அளவுக்குக் கீழே இறங்கிய வாரமே கட்டாயம் முடியும், அந்த எண் ஆணையிலேயே அச்சாகியிருக்க வேண்டும், கவசம் இல்லாமல் வந்த குழந்தையை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது எந்நாளும் கூடாது. இதைச் செய்யச் சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை சன்னல்கள் திறக்க வராமல் துருப்பிடித்திருக்கின்றன என்று எண்ணிக் கேளுங்கள். மதியம் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியருக்கு ஒரு ஸ்பீக்கர், அலமாரியில் ஒரு பெட்டி முகக்கவசம், இரண்டையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதவையுங்கள்.